பீம்தடிக் குதிரை: படை கைவிட்டதும் இடையர் காத்ததும்

புனே நகரின் விமான் நகர்ப் பகுதியில் இன்று குதிரையைக் காண வேண்டுமானால் திருமணப் பருவம் வரவேண்டும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் பிடித்துவரப்படும் அந்தக் குதிரையின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடுமானால், அது மார்வாரி அல்லது கத்தியவாரி இரத்தம் கொண்டது. இராஜஸ்தானிலிருந்தோ குஜராத்திலிருந்தோ வந்தது. மராட்டியக் குதிரைப்படையின் தலைநகராக விளங்கிய ஊரில், மண்ணின் குதிரை ஊர்வலத்துக்குக்கூட வருவதில்லை. ஆனால் விமான் நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் ஓடும் முளா-முட்டா ஆறு கிழக்கே சென்று பீமாவில் கலக்கிறது. அருகிலுள்ள நகர் சாலையில் வடகிழக்காகச் சென்றால் கோரேகாவ் பீமாவில் அதே பீமாவைக் கடக்க நேரிடும். அந்த ஆற்றின் பெயரால் அழைக்கப்பட்டதுதான் பீம்தடிக் குதிரை. தக்காணி என்பது அதன் இன்னொரு பெயர்.

'தடி' என்றதும் தமிழ் வாசகர்களுக்குப் பீமனின் கதாயுதம் நினைவுக்கு வரக்கூடும். மராத்தியில் 'தடி' என்பது ஆற்றங்கரை. பீமாவின் கரை பீம்தடி. ஆங்கிலேயர் காலத்தில் புனே மாவட்டத்தின் வருவாய் வட்டம் ஒன்றுக்கே அப்பெயர் இருந்தது. பாராமதியும் சுபேயும் அதற்குள் அடங்கியவை. சிவாஜியின் பாட்டனார் மாலோஜிக்கு அகமதுநகர் நிஜாம்ஷாகி அரசு வழங்கிய ஜாகிரும் புனே, சுபே பகுதிகளே. ஆகவே ஒரு குதிரையின் வரலாறும் ஓர் அரசின் வரலாறும் ஏறத்தாழ ஒரே வட்டாரத்தில் தொடங்குகின்றன. இது தற்செயலன்று.

மேற்குத் தொடர்ச்சி மலை முகட்டில் 2500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, கிழக்கே தள்ளி, பாராமதி இந்தாபூர்ப் பகுதியில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மழைமறைவு நிலம், நெல்லுக்கு ஆகாது, கம்புக்கும் சோளத்துக்கும் ஆகும். அறுவடை முடிந்தபின் எஞ்சும் சோளத்தட்டை, வரப்பில் படரும் அருகம்புல், புன்செயில் விளையும் கொள்ளு ஆகிய மூன்றும் ஒரு குதிரைக்குப் போதுமானவை. தரை வறண்டு கெட்டியாக இருப்பதால் குளம்பு அழுகாது, இறுகும். இந்தியாவில் குதிரை வளர்ப்புக்கு ஏற்ற நிலங்கள் சிந்து முதல் தக்காணம் வரை நீளும் வறள்பட்டையில் அமைந்தவை என்றும், பேரரசுகளின் இராணுவ வலிமையை அந்தப் பட்டையோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும் என்றும் வரலாற்றறிஞர் ஜாஸ் காமன்ஸ் வாதிட்டுள்ளார். அந்த வாதத்தின் தென்மேற்கு எல்லைக்கல்லாகப் பீமா நீரா ஆற்றுப்படுகையைக் கொள்ளலாம்.

இந்தக் குதிரை உயரமானதன்று. தோள்மட்டத்தில் ஏறத்தாழ பதின்மூன்று கை, அதாவது 130 சென்டிமீட்டரைச் சுற்றியே நிற்கும். அரபுக் குதிரையின் அருகே நிறுத்தினால் மட்டக்குதிரை என்றே தோன்றும். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் மராட்டியப் படைகளுடன் பழகிய ஐரோப்பியர், பீமாக் கரையில் பிறந்த குதிரைகளையே மராட்டியர் மிகவும் விரும்பினர் என்றும், அவை நடுத்தர உயரமும் நல்ல வலிமையும் கொண்டவை, கருங்கபில நிறமும் கறுத்த கால்களும் உடையவை என்றும் எழுதிவைத்தனர். சவாரி, பொதி சுமத்தல், இலகுவான வண்டி இழுத்தல் ஆகிய மூன்றுக்கும் ஒரே விலங்கு பயன்பட்டது. குறைந்த தீவனத்தில் நாள் முழுதும் நடக்கும் அதன் இயல்பே இதற்குக் காரணம். பாய்ந்து மோதும் போருக்கு இது ஏற்றதன்று. நாற்பது மைல் நடந்து, விடியலில் எதிரியின் தானிய வண்டிகளைப் பறித்து, மாலைக்குள் மறைந்துவிடும் போருக்கு இதைவிட ஏற்றது இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகமதுநகரின் மாலிக் அம்பர் முகலாயருக்கு எதிராகக் கையாண்ட பார்கீர் முறைப் போர் இந்த உடலமைப்பின் மேல் எழுந்ததே.

இங்குத் தமிழகத்தோடு ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. பட்டினப்பாலைக் காலந்தொட்டே தமிழகத்துக்குக் குதிரை கடல்வழியே வந்த பண்டம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியநாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை தரப்பட்டதாகக் கூறுகிறார். குதிரை மடியக் காரணமாக மார்க்கோ போலோ சொல்வது, லாடம் அடிக்கவும் மருத்துவம் பார்க்கவும் தெரிந்தவர் அங்கில்லை, அப்படிப்பட்டவர் வந்து சேர வணிகரும் விடவில்லை என்பது. சோற்றோடு இறைச்சியும் சமைத்துக் குதிரைக்குப் போட்டனர் என்ற அவருடைய செய்தியை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அயலார் கண்ணுக்கு எதுவும் விசித்திரம். ஆனால் ஈரப்பதம் மிக்க கரையோரத்தில் வறண்ட நிலத்து விலங்கு நோயுறும் என்பதும், குளம்பைப் பேணுபவன் இல்லாத லாயத்தில் குதிரை நிலைக்காது என்பதும் இன்றைய கால்நடை மருத்துவர் எவரும் ஒப்புக்கொள்பவை. அங்குப் பொன் இருந்தது, பராமரிப்பு இல்லை.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து, அதே தமிழகத்தில், செஞ்சிக்கோட்டையில் எழுதப்பட்ட ஒரு மராத்தி நூல் இதற்கு நேர்மாறான உலகைக் காட்டுகிறது. சிவாஜியின் மகன் இராஜாராம் முகலாயரிடமிருந்து தப்பிச் செஞ்சியில் இருந்தபோது, அவர் ஆணையின்பேரில் கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் 1690களில் எழுதிய பகர் அது. சிவாஜியின் குதிரைப்படை அமைப்பை விவரிக்கும் இடத்தில் சபாசத் சில எண்களைத் தருகிறார். இருபத்தைந்து பார்கீர்களுக்கு ஒரு ஹவல்தார், ஐந்து ஹவல்தார்களுக்கு ஒரு ஜும்லேதார். அத்தோடு ஒவ்வோர் இருபத்தைந்து குதிரைக்கும் தோற்பையில் நீர் சுமப்பவர் ஒருவர், லாடம் அடிப்பவர் ஒருவர். பின்னால் சொல்லப்பட்ட இரு பணியாளர்களைப் பெரும்பாலான பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. உண்மையில் அப்படையின் இரகசியம் அந்த இருவரிடமே இருக்கிறது. பார்கீர் அரசின் குதிரையில் ஏறுபவர், சிலேதார் தம் குதிரையோடு வருபவர் என்னும் வேறுபாடும் இங்கு நினைக்கத்தக்கது. தன் குதிரை செத்தால் பிழைப்பே போகும் என்ற அச்சத்தில் சிலேதார் போர்முனையில் பின்வாங்கக்கூடும். பார்கீருக்கு அந்த அச்சமில்லை, ஆனால் அவரிடம் குதிரையைப் பேணும் அக்கறையும் இராது. அந்த அக்கறையின்மைக்கு மாற்றாகத்தான் நீர்க்காரரும் லாடக்காரரும் கணக்கரும் நியமிக்கப்பட்டனர் என்று கருதலாம்.

படை தசராவில் புறப்பட்டு, எட்டு மாதம் வெளியே இருந்து, மழைக்குத் திரும்ப வேண்டும் என்பதும் சபாசத் பதிவுசெய்த ஒழுங்கு. மழைக்கால முகாமில் கொள்ளு, தீவனம், மருந்து, புல்வேய்ந்த கொட்டகை எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். மழையில் நனைந்த குதிரைக்குக் குளம்பழுகலும் சளியும் வரும். ஈரப்புல் தின்றால் வயிற்றுச்சூலை வரும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் மனிதருக்கு வரும் சாதாரண அஜீரணம்கூட அதற்கு உயிர்க்கொல்லியாகும். நான்கு மாத ஓய்வு படைக்கு அளித்த சலுகையன்று, குதிரையின் உடல் விதித்த நிபந்தனை.

அந்த நிபந்தனை எவ்வளவு நுட்பமாக உணரப்பட்டிருந்தது என்பதற்குச் சிவாஜி சிப்ளூண் அருகே தங்கியிருந்த படை அதிகாரிகளுக்கு விடுத்த கடிதமே சான்று. பெரும்பாலும் 1674 எனக் கணிக்கப்படும் இக்கடிதம், அவ்வாண்டு ஜூன் 6 அன்று நிகழ்ந்த முடிசூட்டு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முந்தையது. மழைக்காலத்துக்கென ஒதுக்கிய தானியத்தையும் வைக்கோலையும் இப்போதே வரம்பின்றிச் செலவிட்டால் கார்காலத்தில் ஒன்றும் மிஞ்சாது. குதிரைகள் சாகத் தொடங்கும். அந்தச் சாவுக்கு நீங்களே பொறுப்பு என்கிறது கடிதம். தீவனம் தீர்ந்ததும் குடியானவர் வீட்டுக்குப் போய்த் தானியமும் ரொட்டியும் விறகும் காய்கறியும் பறிப்பீர்கள். முகலாயரே மேல் என்று அவர்கள் சொல்லும் நிலை வரும் என்றும் எச்சரிக்கிறது. இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. இரவில் விளக்கை அணைக்காமல் விட்டால் எலி எரியும் திரியை இழுத்துச் சென்று வைக்கோலில் போடும். கொட்டகை எரிந்தால் குதிரைகள் அழியும். முடிசூட்டுக்கு ஆயத்தமாகும் ஓர் அரசர் எலியையும் விளக்குத்திரியையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். இக்கடிதம் இன்று மேடைகளில் உழவர் நலனுக்கான ஆவணமாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. அது சரியே. ஆனால் அதன் வாதம் முழுவதும் குதிரையின் வயிற்றிலிருந்து தொடங்குகிறது என்பதும் மறக்கத்தக்கதன்று.

1677இல் சிவாஜியின் தெற்குப் படையெடுப்போடு இக்குதிரைகள் செஞ்சிக்கும் வேலூருக்கும் வந்தன. 1690 முதல் 1698 வரை ஜுல்ஃபிகார் கான் செஞ்சியை முற்றுகையிட்டபோது, சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் கோட்டைக்கு வெளியே முகலாயரின் தானிய வழிகளை அறுத்தது இந்த மெலிந்த குதிரைகளைக் கொண்டே. தஞ்சையில் அதற்கு முன்பே, 1670களின் நடுவில், சிவாஜியின் மாற்றாந்தாய்வழிச் சகோதரர் வெங்கோஜி ஆட்சி அமைத்துவிட்டார். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வண்ண ஓவியங்களோடு கூடிய அசுவ சாஸ்திரச் சுவடியைப் பதிப்பித்திருப்பதும், தஞ்சை மராட்டியரின் மோடி ஆவணங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருப்பதும் ஆய்வு மாணவர் அறிந்தவை. சாஸ்திரச் சுவடி குதிரையின் சுழி, நிறம், இலக்கணம் பேசும். மோடி ஆவணம் செலவு பேசும். குதிரையை உயிரோடு வைத்திருந்தது எது என்று கேட்டால், இரண்டாவதைத் திறப்பதே நல்லது. கொள்ளு என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும் என்ற பழமொழியைச் சொன்ன தமிழரும் லாயத்தில் நின்று பார்த்தவராகவே இருக்க வேண்டும்.

பேஷ்வாக்கள் காலத்தில் இந்த ஒழுங்கு தளர்ந்தது. முதலாம் பாஜிராவ் 1728இல் பால்கேடில் நிஜாமை வேகத்தாலேயே முடக்கினார். 1760இல் பானிப்பட்டுக்குச் சென்ற படையோ பீரங்கி, கூடாரம், குடும்பம், யாத்திரிகர் என்று கனத்துப்போய் ஒரே இடத்தில் இரண்டு மாதம் அடைபட்டுக் கிடந்தது. 1761 ஜனவரி 14 அன்று போர் நடந்தபோது குதிரைகள் ஏற்கெனவே பட்டினியில் இருந்தன. உத்திப் பிழைகளைப் பட்டியலிடும் ஆய்வுகள் பல உண்டு. வைக்கோல் தீர்ந்த நாளை அவற்றின் மையத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு பானிப்பட்டு தெரியும்.

படையும் இடையரும் வேறு வேறு உலகினர் என்று எண்ணிவிடவும் கூடாது. மால்ஹர்ராவ் ஹோல்கர் தன்கர் எனப்படும் ஆட்டிடையர் குலத்தில், நீரா ஆற்றங்கரையின் ஹோல் கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெஜுரிக் குன்றின் கண்டோபா அக்குடும்பத்தின் தெய்வம்; குதிரைமேல் ஏறி வாளேந்தி நிற்கும் தெய்வம். அவருடைய இரண்டாம் மனைவி பானாயி தன்கர் பெண் என்பது மரபு. தக்காணத்து மேய்ச்சல் தெய்வங்களைப் பற்றிப் பல்லாண்டு கள ஆய்வு செய்த குந்தர் சொந்தைமர், இந்தத் தெய்வத்தில் இடையனும் வீரனும் ஒன்றாகக் கலந்திருப்பதை விரிவாகக் காட்டியுள்ளார். ஹோல்கர் வீட்டின் மருமகள் அகல்யாபாய் 1725இல் பிறந்த சௌண்டியும் அகமதுநகர் மாவட்டத்து ஊர்தான். அம்மாவட்டம் இப்போது அவர் பெயரையே தாங்குகிறது.

ஆயினும் வரலாறு இரக்கமின்றி நடந்துகொள்கிறது. 1802 அக்டோபரில் ஹடப்சர் போரில் வென்ற யஷ்வந்த்ராவ் ஹோல்கரின் படைகள் சூறையாடியது தம் முன்னோர் ஆடு மேய்த்த இதே வட்டாரத்தை. அதைத் தொடர்ந்து 1803-04 பஞ்சம். மனிதர் உண்ணத் தானியமில்லாத ஊரில் குதிரைக்குக் கொள்ளு எங்கிருந்து வரும்? குதிரைக் குடும்பங்கள் பல கலைந்தன. 1818இல் கோரேகாவ் பீமா மோதலும் பேஷ்வா ஆட்சியின் முடிவும் மிச்சத்தையும் முடித்தன. ஆயிரக்கணக்கான சிலேதார்கள் வேலையிழந்தனர். குதிரை வைத்திருப்பதற்கான காரணமே மறைந்தபின், நல்ல ஆண்குதிரையைத் தேடிப் பெட்டையோடு சேர்க்கும் பொறுமை யாருக்கு இருக்கும்?

ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டது வேறு குதிரை. பெரிய சேணம், கனத்த சிப்பாய், பீரங்கி வண்டி ஆகியவற்றுக்குப் பதினைந்து கை உயரம் வேண்டும். புனே மாவட்டத்தின் ஆலேகாவில் குதிரைப் பண்ணை வைத்துப் பார்த்தனர், நிலைக்கவில்லை. அரபு, ஆங்கிலேய ஆண்குதிரைகளைக் கொண்டு நாட்டுக்குதிரையின் 'தரத்தை உயர்த்த' முயன்றனர். இறுதியில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் இறக்கும் வேலர் குதிரைகளே எளிது என்று முடிவுசெய்தனர். பாண்டியர் செய்ததையே இன்னொரு கடலின் வழியே செய்தனர் எனலாம், லாடக்காரரையும் மருத்துவரையும் சேர்த்து. இடையில் பீம்தடிக்கு அரசாங்க ஏடுகளில் கிடைத்த பெயர் 'தட்டு', அதாவது மட்டக்குதிரை. உயரம் ஒன்றையே அளவுகோலாக்கிய கண்ணுக்கு மற்ற குணங்கள் தெரியவில்லை.

அந்தத் தட்டுதான் டாங்கா வண்டியில் பூட்டப்பட்டது. புகைவண்டி எட்டாத மலைவழிகளில், புனேயிலிருந்து மகாபலேஷ்வர் வரை, பயணிகளும் தபாலும் டாங்காவிலேயே சென்றனர். இடையிடையே குதிரை மாற்றும் நிலையங்கள் இருந்தன. இலகு வண்டிக் குதிரையின் பராமரிப்பு படைக்குதிரையினதைவிட எளிதென்று நினைப்பது தவறு. நுகத்தடி பொருந்தாவிட்டால் தோளில் புண். தார்ச்சாலையில் லாடம் தேய்ந்தால் நொண்டல். ஓட்டம் முடிந்த சூட்டில் வயிறு முட்ட நீர் காட்டினால் சூலை. நம் ஊர் ஜட்கா வண்டிக்காரர் வாலையும் பிடரியையும் தேய்த்துவிட்டு, குதிரையின் மூச்சு இறங்கியபின் நீர் காட்டி, அதன்பின்னரே ஊறவைத்த கொள்ளு வைத்ததும் இதே அறிவின் கிளைதான். பேருந்தும் ஆட்டோவும் வந்ததும் டாங்காவும் ஜட்காவும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் ஒழிந்தன.

பீம்தடி அழியாமல் இருந்தது இவை எதனாலும் அன்று. தன்கர் இடையர் மழை முடிந்ததும் தௌண்ட், பாராமதி, பல்டண் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைத்தொடரைக் கடந்து கொங்கணக் கரைக்குச் செல்கின்றனர்; அடுத்த மழைக்கு முன் திரும்புகின்றனர். பழைய படைக்காலத்தின் நாட்காட்டியும் இதுவே. ஆண்கள் மந்தையோடு நடப்பர். குதிரைகளும் வீடும் பெண்கள் பொறுப்பு. கூடாரத்துணி, பாத்திரம், தானியமூட்டை, அவற்றின் மேல் கோழிகள், பிறந்து சில நாளேயான ஆட்டுக்குட்டிகள், சில வேளை ஒரு குழந்தை, எல்லாம் ஒரு சிறு குதிரையின் முதுகில் ஏறும். எந்தப் பெட்டைக்கு எவ்வளவு சுமை தாங்கும், எதன் முதுகில் பழைய புண் உண்டு, எது குட்டி போடும் காலத்தில் இருக்கிறது என்பவை எந்த ஏட்டிலும் இல்லை. மோடி எழுத்தில் படைக்கணக்கர் எழுதிவைத்த அறிவுக்கு ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழுத்தறியாப் பெண்கள் இரு நூற்றாண்டு காத்த அறிவுக்கு அது இல்லை. புனேயின் பேஷ்வா தஃப்தரில் மட்டும் தேடும் ஆய்வு, இக்குதிரையின் பாதி வரலாற்றைத் தொடங்கும்முன்பே இழந்துவிடுகிறது.

2023ஆம் ஆண்டின் இறுதியில், கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் பீம்தடியைத் தனி இனமாகப் பதிவு செய்தது. மார்வாரி, கத்தியவாரி, கச்சி-சிந்தி, மணிப்புரி, ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா ஆகியவற்றை அடுத்து எட்டாவதாக அது பட்டியலில் சேர்ந்தது. தக்காணி எங்கோ கலந்து மறைந்துவிட்டது என்று நூல்கள் எழுதிவந்த நிலையில் இது பெரிய மாற்றம். நாட்டின் குதிரை, மட்டக்குதிரைகளின் எண்ணிக்கை 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6.25 இலட்சமாக இருந்து 2019இல் 3.4 இலட்சமாகச் சரிந்ததை நோக்க, பதிவு தாமதமாகவே வந்தது என்பதும் உண்மை.

இப்பதிவு ஒரு வரலாற்றுச் சிக்கலையும் எழுப்பியிருக்கிறது. இன்று தன்கர் முகாமில் பொதி சுமக்கும் குதிரையும் சிவாஜியின் பாகாவில் நின்ற குதிரையும் ஒன்றா? நாளிதழ்கள் ஆம் என்றே எழுதின. ஆனால் 'இனம்' என்னும் கருத்து, வம்சாவளிப் பதிவேட்டோடு சேர்ந்த அதன் இன்றைய பொருளில், ஐரோப்பாவிலிருந்து வந்தது. மராட்டியப் படையில் பீம்தடியோடு அரபு, பாரசீக, கத்தியவாரிக் குதிரைகளும் நின்றன, கலந்தன. பீம்தடி என்ற சொல் அக்காலத்தில் இரத்தத் தூய்மையைக் காட்டிலும் பிறந்த நிலத்தையும் பழகிய உழைப்பையும் குறித்தது என்று கொள்வதே பொருத்தம். அப்படிப் பார்த்தால் இடையரின் குதிரையை வீரரின் குதிரையின் வாரிசு என்று நிறுவ முயல்வதே தலைகீழான வேலை. மேய்ச்சல் மந்தையோடு நடந்த குதிரையிலிருந்தே படை தனக்கு வேண்டியவற்றை எடுத்துக்கொண்டது; படை கலைந்தபின் மந்தைக் குதிரை மந்தையோடு தன் வழியே நடந்தது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. வீரரின் குதிரை என்று முடிவுசெய்தால் பாதுகாப்பு என்பது பண்ணையாகவும் கண்காட்சியாகவும் அணிவகுப்பாகவும் அமையும். உயரமான, மினுக்கும் குதிரைக்குப் பரிசு கிடைக்கும். அந்த உயரத்துக்காக மார்வாரி ஆண்குதிரை மீண்டும் உள்ளே வரும். சாரங்கேடா போன்ற சந்தைகளில் விலை பேசப்படுவது இப்போதே அந்த அளவுகோலில்தான். இடையரின் குதிரை என்று கொண்டால், கேள்வி மேய்ச்சல் நிலத்தைப் பற்றியதாக மாறும். 1880களில் நீரா இடதுகரைக் கால்வாய் வந்தது. 1980இல் உஜனி அணை நிறைந்தது. சோளத்தட்டையும் அருகும் இருந்த பீம்தடி இன்று கரும்பு நாடு. கரும்புத் தோட்டத்துக்குள் ஆட்டுமந்தையை யாரும் விடுவதில்லை. மந்தை நடக்கும் வழிகளில் தொழிற்பேட்டை வேலிகளும் நான்குவழிச் சாலைகளும் குறுக்கிடுகின்றன. தன்கர் இளைஞர் பலர் மந்தையை விற்றுவிட்டு நகர வேலைக்கு வருகின்றனர். குதிரைக்குப் பதில் சிறு டெம்போ வண்டி வீட்டுச் சாமான்களைச் சுமக்கத் தொடங்கியிருக்கிறது.

மழை ஓய்ந்ததும் புனேயின் தெற்கு, மேற்கு விளிம்புகளில் அந்த வரிசையை இன்னும் காணலாம். முன்னே ஆடுகள், பின்னே நாய்கள், கடைசியில் கழுத்துக்கயிறுகூட இல்லாமல் தாமாகவே நடந்துவரும் ஐந்தாறு சிறு குதிரைகள். அவற்றின் முதுகிலிருந்து கோழி ஒன்று தலைநீட்டிச் சாலையைப் பார்க்கும். பெரும்பாலானவற்றின் நிறம் கபிலம், கால்கள் கறுப்பு.